நாணுக்குப் பின்னால் ஒரு கண்

தை மாதத்து வாடைக்கடல் கல்முனைக்குடிக் கரையில் இரைந்துகொண்டிருந்தது. தோணிகளை மேட்டுக்கு இழுத்து வைத்திருந்தார்கள். கரைவலைக்காரருக்குக் கடல் அடங்கும்வரை வலை பொத்துகிற வேலைதான். கடற்கரைப் பள்ளியில் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்ததும் மருமகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. பண்டிக்கு இதுதான் சரி. வெடிச்சத்தம் இல்ல. துவக்கு மாதிரி லைசன் கரைச்சலும் இல்லையாம்."

படத்தில் ஒரு குறுக்குவில் இருந்தது. துவக்கின் சோங்கு போல ஒரு கட்டை, அதன் நுனியில் குறுக்கே கிடத்திய வில், கீழே விசை, மேலே தொலைநோக்கிக் கண்ணாடி. இழுவிசை 175 இறாத்தல் என்று எழுதியிருந்தது. கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு வந்த பிள்ளை அவன். கையில் காசு இருந்தது, மனதில் கோபம் இருந்தது. என் லாத்தாவின் எட்டு ஏக்கர் வேளாண்மை குடலை தள்ளிப் பால்பிடிக்கும் பருவத்தில் நின்றது. அந்தப் பருவத்தைத்தான் காட்டுப்பன்றி தேடி வரும். நாலு இரவில் ஒரு மூலையையே உழுதுவிட்டுப் போயிருந்தன.

முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். ஆயுதங்களின் கதை எனக்குப் பிடித்த பாடம். அதனால் அவனை ஏசவில்லை. "வாங்குறதுக்கு முன்னால என்னோட ரெண்டு நாள் வா மகன். மறுகா நீயே முடிவெடு" என்றேன். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் அடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் போனது தூரத்துக்கு அல்ல. கரையோரமாகவே இரண்டு தெரு தள்ளி ஒரு ஓடாவியார் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பலகைத் தோணி கட்டிய காலத்து மனிதர். பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த நாட்களைக் கண்டவர். உப்பும் வெயிலும் மரத்தையும் நூலையும் என்ன செய்யும் என்பது அவருக்குக் கைப்பாடம். போனில் இருந்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மகன், இது வில்லில்ல. பூட்டி வச்ச கோவம்" என்றார்.

அந்த ஒரு சொல்லிலேயே குறுக்குவில்லின் இயக்கம் அடங்கியிருந்தது. கைவில்லில் வில்லை இழுத்துப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் எய்பவனின் தோளும் முதுகும் அந்த விசையைச் சுமக்கின்றன. தோள் நடுங்கினால் அம்பை விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நாணைத் தளர்த்த வேண்டும். குறுக்குவில்லில் அந்தச் சுமையைத் தோளிலிருந்து எடுத்து ஒரு கொளுவியிடம் கொடுத்துவிடுகிறோம். நாணை இழுத்துக் கொளுவியில் மாட்டியதும் மனிதன் ஓய்வெடுக்கலாம். இரும்பு காத்திருக்கும். விரல் ஒன்று அசைந்தால் போதும்.

வேட்டைக்குக் குறுக்குவில் தெரிவு செய்கிறவர் முதலில் இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 175 இறாத்தல் என்ற எண்ணைப் பார்த்ததும் இளைஞர்கள் மயங்குகிறார்கள். கைவில்லில் வேட்டையாடுகிறவர்கள் பெரும்பாலும் 40 முதல் 60 இறாத்தல் இழுவிசையோடு மான் வரைக்கும் போகிறார்கள். பிறகு குறுக்குவில்லுக்கு ஏன் இவ்வளவு? கைவில்லின் நாண் அம்பைத் தள்ளிக்கொண்டு ஓடும் தூரம் நீளம்; குறுக்குவில்லில் அந்த ஓட்டம் குட்டை. ஓட்டம் குறைந்ததை விசையால் ஈடுசெய்கிறார்கள். ஆகவே எண் பெரிதாக இருப்பதால் மட்டும் வில் பெரிதாகிவிடாது. இழுவிசை, நாண் ஓடும் தூரம், அம்பின் எடை, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வகையும் இரண்டு உண்டு. ஒன்று வளைந்த கைகளும் ஒரே நாணும் கொண்ட எளிய வில். மற்றது கைகளின் நுனியில் உருளைகளும் வடங்களும் வைத்த கூட்டுவில். கூட்டுவில் ஒடுக்கமானது, வேகமானது. ஆனால் நாண் பழுதானால் வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் மாற்ற முடியாது. எளிய வில் அகலமானது, அடர்ந்த பற்றைக்குள் இடிக்கும். ஆனாலும் அதன் நாணைக் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். திருத்துகிற கடை பக்கத்தில் இல்லாத ஊருக்கு எளிமையே நல்லது. ஓடாவியாரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். உருளை வைத்ததை விரலால் தள்ளிவிட்டார்.

"இந்த உப்புக் காத்துல சில்லு ஒரு மாரி தாங்காது தம்பி. ஒண்டு பழுதானா எல்லாம் பழுது."

அம்பு வைக்காமல் நாணைச் சுண்டி விட்டால் என்ன ஆகும் என்று மருமகன் கேட்டான். கிழவர் மூலையில் கிடந்த மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்து வளைத்து, வெறுமனே விட்டார். அது அதிர்ந்து அவர் கையிலேயே பிளந்தது. குறுக்குவில்லுக்கும் அதே கதிதான். அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும், அம்பு இல்லாவிட்டால் வில்லின் கைகளுக்கே திரும்பிவிடும். கை வெடிக்கும், நாண் அறும், தெறித்த துண்டு கண்ணில் படும். அதனால் பூட்டிய வில்லை விடுவிக்க வேண்டுமானால் மழுங்கிய அம்பு ஒன்றை வைத்து மண்மேட்டில் எய்துதான் விடுவிக்க வேண்டும். பூட்டியபடி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நாண் ஓடும் தடத்துக்கு மேலே பெருவிரல் நீளவே கூடாது, நீண்டால் விரல் போய்விடும்.

பராமரிப்புக்கும் ஓடாவியாரே வாத்தியார். நாணுக்குத் தேன்மெழுகு. பூசி, விரல் சூட்டில் தேய்த்து, இழைக்குள் இறக்க வேண்டும். நாண் ஓடும் தடத்தைத் துடைத்து இலேசாக எண்ணெய் காட்ட வேண்டும். விசைக்குள் மணல் புகாமல் பார்க்க வேண்டும். வில்லின் கைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பிடிக்க அவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது: "பஞ்ச எடுத்து மெதுவாத் தடவுங்க. எவடத்த பஞ்சு கொளுவுதோ அவடத்த நோவு இரிக்கி." தோணிப் பலகைக்கு அவர் பார்த்த வைத்தியம், வில்லுக்கும் பொருந்துகிறது.

சாய்ந்தமருதைக் கடந்து, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினோம். கடல் முதுகுக்குப் பின்னால் போய், இரண்டு பக்கமும் பச்சை விரிந்தது. சம்மாந்துறை வட்டைகள். காற்றில் பால்நெல்லின் மணம். ஓட்டிக்கொண்டே மருமகன் கேட்டான்: "மாமா, இது வெள்ளக்காரன்ட ஆயுதம்தானே?"

இல்லை என்று சொல்ல எனக்கு வழி முழுக்கப் பேச்சு இருந்தது. சீனாவின் முதல் பேரரசனின் கல்லறையைக் காவல் செய்யும் சுடுமண் வீரர்களுக்கு நடுவே வெண்கலத்தில் வார்த்த குறுக்குவில் விசைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துப் பழசு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் பொறிகளை வரிசைப்படுத்தும்போது வளைவிற்பொறி என்று ஒன்றைச் சொல்கிறது. வில்லைப் பொறியாக்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபிக்காக 12ஆம் நூற்றாண்டில் அத்தர்சூஸி எழுதிய ஆயுத நூலிலும் குறுக்குவில்லுக்கு இடமுண்டு. அதே நூற்றாண்டில், 1139இல், ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் கிறிஸ்தவர்கள் மேல் இதைப் பாவிக்கக் கூடாது என்று தடை போட்டது. தடை நிற்கவில்லை. இங்கிலாந்தின் மன்னன் முதலாம் ரிச்சர்ட் 1199இல் செத்தது ஒரு குறுக்குவில் அம்பு பட்ட காயத்தால்தான்.

எங்களுக்கு இன்னும் கிட்டிய குறுக்குவில் மலையாளக் கரையில் இருக்கிறது. தெற்றாலி என்பார்கள். காயலிலும் குளத்திலும் வரால் போன்ற மீனை எய்வதற்கு உண்டானது. அம்பில் கயிறு கட்டியிருக்கும், பட்ட மீன் அம்போடு கைக்கு வரும். ஜேம்ஸ் ஹோர்னல் என்ற கடலியல் அறிஞர் 1924இல் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சென்னை மாகாணத்து மீன்பிடித் துறையின் இயக்குநராக இருந்தவர். அதற்கு முன் இலங்கைக்கு வந்து மன்னார்ப் பக்கத்து முத்துப் படுகைகளை ஆராய்ந்தவரும் அவர்தான்.

"அந்தத் தெற்றாலிக்காரன் எவ்வளவு தூரத்துல எய்வான்?"

"தண்ணிக்குள்ள மீன் தெரியிற தூரம் மட்டுந்தான் மகன். தெரியாத மீன எவன் எய்வான்?"

அந்தப் பதிலின் பாரம் எனக்கே அன்று பின்னேரம்தான் புரிந்தது.

லாத்தாவின் கண்டத்துக்குப் பொறுப்பான முல்லைக்காரர் காவல் வாடியில் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். வாடியின் முகட்டில் யானை வெடிகள் சில, மழை படாமல் பொலித்தீனில் சுற்றித் தொங்கின. வடக்கே மரவரிசை தொடங்கும் இடத்தைக் காட்டி, பன்றி வந்த தடத்தை விளங்கப்படுத்தினார். மருமகன் உற்சாகமாகக் குறுக்குவில்லைப் பற்றிச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்ட முல்லைக்காரர் ஒன்றும் பேசாமல் சாரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே சதை இருந்த இடத்தில் குழியும் தையலும்தான் இருந்தன.

"கட்டுத்துவக்கு" என்றார். "இருவது வயசுல. எரும ஒண்டு தப்பிப் போட்டுது எண்டு தேடிப் போனன்."

கட்டுத்துவக்கை அறியாத வாசகருக்குச் சொல்கிறேன். ஒரு இரும்புக் குழாய், அதற்குள் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும். அதை மரத்தோடு கட்டி, விலங்கு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்து விடுவார்கள். கம்பியில் எது தட்டுகிறதோ அதன் மேல் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். அது மனிதனுக்கு முழங்கால் உயரம். விறகுக்குப் போனவர், தேனுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று காட்டோர ஊர்களில் கால் போனவர்கள் பலர். பன்றிக்குக் கட்டியதில் யானையின் கால் புண்ணாகி, சீழ் பிடித்து, மாதக்கணக்கில் நொண்டி நொண்டிச் சாகும். சட்டம் இதை முற்றாகத் தடுத்திருக்கிறது. இருந்தும் காடு ஓய்ந்தபாடில்லை.

நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீனப் பேரரசனின் கல்லறைக்குள் கள்வர் நுழைந்தால் தானாக எய்யும்படி குறுக்குவில்களைப் பூட்டி வைத்தார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்திருக்கிறார். எத்தனையோ வகுப்பில் அதை ஒரு அதிசயமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு முல்லைக்காரரின் காலுக்கு முன்னால் அது அதிசயமாகத் தெரியவில்லை. கட்டுத்துவக்கும் அந்தக் கல்லறை வில்லும் ஒரே வம்சம். பூட்டி வைத்த கோபத்தை, பார்க்கிற கண் இல்லாமல் விட்டுவிட்டுப் போவது.

மஃரிபுக்குப் பிறகு வாடிக்குள் விளக்கு வைத்து இருந்தோம். எங்கள் மார்க்கத்தில் வேட்டைக்கு எவ்வளவு நுணுக்கமாக விதி வைத்திருக்கிறார்கள் என்று அன்று இரவுதான் மருமகன் முதல் தடவையாகக் கேட்டான். ஹாதிம் தாயியின் மகன் அதீ (ரலி) வேட்டைக்காரர். அவர் நபியவர்களிடம் எறிகோலால் வேட்டையாடுவது பற்றிக் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கூர் பட்டுத் துளைத்தால் உண்ணலாம். தண்டின் பக்கம் பட்டுச் செத்தால் அது அடித்துக் கொன்றதற்குச் சமம், உண்ணக் கூடாது. எய்த விலங்கு தண்ணீருக்குள் விழுந்து கிடந்தால் அதையும் விட வேண்டும். உன் அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்பது உனக்குத் தெரியாது என்பதே காரணம். பிஸ்மி சொல்வது இறைச்சி கைக்கு வந்த பிறகு அல்ல, அம்பு நாணை விட்டுப் புறப்படும் போது. அந்த நொடியில் வேட்டைக்காரன் அங்கே இருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும், எதை எய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு நபிமொழி இருக்கிறது. குறுக்குவில் பராமரிப்பின் சாரமே அதுதான். துவக்கு ரவை அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு வெட்டினால் மட்டுமே கொல்லும், இரத்தம் வடிந்துதான் உயிர் போகும். மழுங்கிய அலகோடு எய்தால் விலங்கு உடனே சாகாது, நாள்கணக்கில் சாகும். கடற்காற்றில் ஒரே இரவில் அலகு துருவேறும். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்து, போகும் ஒவ்வொரு முறையும் தீட்டிக்கொண்டு போகாதவன் வேட்டைக்குப் போகத் தகுதியில்லாதவன்.

"அப்ப பண்டிக்கு?" என்று மருமகன் விடவில்லை. "நாம திங்கிறல்லயே மாமா."

"திங்காட்டியும் அதுக்கு நோவு இரிக்கி மகன்" என்றார் முல்லைக்காரர்.

அந்த இரவில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் ஓடும். நல்ல குறுக்குவில்லின் அம்பு 100 மீற்றர் சொச்சம் ஓடும். 40 மீற்றரில் நிற்கும் விலங்கின் காதுக்கு நாணின் சத்தம் முதலில் போய்விடும். அம்பு போய்ச் சேரக் கால் செக்கன் பிந்தும். அந்தக் கால் செக்கனில் விலங்கு ஒரு சாண் முன்னே நகர்ந்தாலும் நெஞ்சுக்குக் குறி வைத்தது வயிற்றில் படும். வயிற்றில் பட்ட பன்றி அந்த இடத்தில் விழாது, காட்டுக்குள் ஓடிவிடும். காயம்பட்ட பன்றி எதிரே வரும் ஆளைக் கிழிக்கும். அதனால்தான் அனுபவமுள்ள குறுக்குவில் வேட்டைக்காரர் பலர் முப்பது மீற்றருக்குள் வராத விலங்கை விட்டுவிடுகிறார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இருட்டில் எய்வதுமில்லை. நம் வட்டைக்குப் பன்றி வருவதோ நடுச்சாமத்தில். மருமகன் இருட்டைப் பார்த்தான். பக்கத்துக் கண்டத்தின் காவல் வாடியில் சின்ன விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் மனிதர்.

விடிந்ததும் அம்பாறை நகரத்தைத் தாண்டி இங்கினியாகலைக்குப் போனோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டு. கரையில் நின்று சேனாநாயக்க சமுத்திரத்தைப் பார்த்தால் கண் போகும் தூரமெல்லாம் தண்ணீர். இந்தத் தண்ணீர்தான் எங்கள் கரையோரத்து வயல்களுக்கு ஓடி வருகிறது. இந்தத் தண்ணீருக்குக் கீழேதான் வேடர்களின் காடும் கிடக்கிறது. நீர்ப்பிடிப்பைக் காக்க 1954இல் கல்லோயாத் தேசிய வனத்தை அறிவித்தார்கள். காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் காட்டுக்கு வெளியே வந்து குடியேறினார்கள். நாங்கள் சாப்பிடும் சோற்றில் அவர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது.

பிபிலைக்குப் போகும் பாதையில் நில்கலப் பக்கமாக ரத்துகல. வேடர் குடும்பங்கள் வாழும் ஊர். போகிற வழியில் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய ஒரு சம்பவத்தை மருமகனுக்குச் சொன்னேன். கண்டி ராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாகக் கிடந்து தப்பிய அந்த ஆங்கிலேயர் 1681இல் தன் நூலை வெளியிட்டார். வேடருக்கு அம்பலகு தேவைப்பட்டால் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அலகின் வடிவத்தில் இலை ஒன்றை வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த இலையின் அளவுக்கு அலகு அடித்து வைத்தால் இன்னும் இறைச்சி கிடைக்கும். அடித்துக் கொடுக்காவிட்டால் இருட்டில் அம்பு வரும்.

எனக்கு அதில் பிடித்தது அந்த இலை. ஆயுதம் தெரிவு செய்வதில் அதைவிட நேர்த்தி இல்லை. தனக்கு எது தேவை, எந்த விலங்குக்கு, எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே அறிந்தவன்தான் இலையை வெட்ட முடியும். கடையில் எது பெரியது, எது வேகமானது என்று கேட்கிறவன் இன்னும் தன் இலையை வெட்டவில்லை.

ரத்துகலயில் முதியவர் ஒருவர் தோளில் கோடரியோடு எங்களை வரவேற்றார். சிங்களத்தில்தான் பேசினோம். திண்ணையில் வில்லைச் சாய்த்து வைத்திருந்தார். அவருடைய உயரத்துக்கு வந்தது. அம்பின் தண்டு வெலன் மரம். நாங்கள் விணங்கு என்போம். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தப் பகுதி மக்களையும் அவர்களின் வில்லையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த நூலின் படங்களில் பார்த்த அதே நீண்ட அலகு இவர் கையில் இருந்தது. இப்போது வேட்டையில்லை என்றார். வனத்துக்குள் வேட்டை குற்றம். வருகிறவர்களுக்கு எய்து காட்டுவதற்குத்தான் வில்.

மருமகன் போனை எடுத்துக் குறுக்குவில்லைக் காட்டினான். முதியவர் ஆர்வமாகப் பார்த்தார். ஏளனம் செய்யவில்லை. கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: இதைப் பூட்டி வைத்துவிட்டு நீ தூங்கலாமா?

"ஓம், எவ்வளவு நேரமும் பூட்டி வைக்கலாம்" என்றான் மருமகன்.

முதியவர் தன் வில்லில் அம்பைத் தொடுத்து இழுத்தார். முழங்கை நரம்பு புடைத்தது. மூச்சை அடக்கி நின்றார். ஐந்து எண்ணுவதற்குள் கை இலேசாக நடுங்கத் தொடங்கியது. நாணை மெதுவாகத் தளர்த்தி அம்பைக் கீழே வைத்தார். இதனால்தான் நாங்கள் கிட்டப் போய் எய்வோம் என்றார். கை வெகுநேரம் பிடிக்காது. அதனால் கண் முதலில் முடிவெடுக்க வேண்டும், பிறகுதான் கை இழுக்க வேண்டும்.

மருமகனுக்கு வில்லைக் கொடுத்தார். அவனால் பாதிதான் இழுக்க முடிந்தது. இருபது நடை தூரத்தில் நட்ட வாழைத்தண்டை மூன்று தடவை தவறவிட்டு, நாலாவது தடவை ஓரமாகக் குத்தினான். வேர்த்துப்போய்ச் சிரித்தான். அவன் ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது இங்கினியாகலைச் சந்தியில் பிளேன்டீ குடித்தோம். "மாமா, குரொஸ்போ கூடாத சாமான் எண்டு சொல்றீங்களா?" என்று கேட்டான். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் தோள் நோயாளிகளும் வயதானவர்களும் அதனால்தான் வேட்டையில் நிலைக்கிறார்கள். ஒழுங்காகப் பழகியவன் கையில் அது துல்லியமான கருவி. ஆனால் நம் ஊரில் அதற்கு வேலை இல்லை. யானை, மான், மரை, சிறுத்தை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் பிந்திய திருத்தங்களாலும் காக்கப்படுபவை. சரணாலயத்துக்குள் அம்போடு நிற்பதே பிடிபடப் போதுமானது. அனுமதிப்பத்திரம் தேவையில்லையாம் என்ற சொல்லை நம்பி எந்த ஆயுதத்தையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கூடாது. முதலில் பொலிஸிலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் நேரே போய்க் கேட்க வேண்டும்.

பன்றிக்கு மருந்து வயலிலேயே இருக்கிறது. அந்தப் பின்னேரமே பக்கத்துக் கண்டக்காரர் நாலு பேரையும் வட்டவிதானையார் வாடிக்குக் கூப்பிட்டோம். பால்பருவம் முடியும் வரை முறைக் காவல். நாலு மூலையிலும் விளக்கு. பன்றி வந்த தடத்தில் கிடந்த பற்றையை வெட்டி வெளிச்சமாக்குவது. முன்பு போடிமார் காலத்தில் இரவிரவாகக் கவி படித்துக் காவல் இருந்ததை முல்லைக்காரர் நினைவூட்டினார். கட்டாரில் இரவு வேலை செய்து பழகியவன் என்று மருமகன் முதல் முறையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், தன் கண்டத்து ஓரத்தில் ஒரு கட்டுத்துவக்கு கட்டியிருப்பதாக. யாரும் ஏசவில்லை. கட்டியவரையே முன்னால் விட்டு, மற்றவர்களைத் தள்ளி நிறுத்தி, வெளிச்சம் இருக்கும்போதே போய் அதைச் செயலிழக்கச் செய்தார்கள். கம்பி, முல்லைக்காரர் தினமும் தண்ணீர் கட்டப் போகும் வரம்புக்கு மூன்றாவது அடியில் இருந்தது.

இதை வாசிக்கிற வேளாண்மைக்கார வாப்பாமாரே, காக்காமாரே, தம்பிமாரே, ஒரு வேண்டுகோள். எந்த ஆயுதத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கண் இல்லாமல் விட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். உங்கள் கண்டத்திலோ காட்டோரத்திலோ கட்டுத்துவக்கு ஒன்று கட்டியிருக்கிறீர்கள் என்றால், இன்றைக்குப் பொழுது படுவதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள்.